ரிமோட் கார் ஸ்டார்ட்டருக்கு ரிலே வயரிங்: பின் 30 முதல் 87ஏ வரை ஒரு முழு வழிகாட்டி

ரிமோட் ஸ்டார்ட்டர் கிட்டைப் பிரித்தால் கனமான ஒரு வயர் கட்டு, ஆன்டெனா, இரண்டு ரிமோட், கூடவே ஒரு கையேடு இருக்கும். அந்தக் கையேட்டில் முக்கியமான இடங்களில் எல்லாம் "தேவைப்பட்டால் ரிலே சேர்க்கவும்" என்று ஒற்றை வரியோடு முடித்துவிடுவார்கள். ரிலே என்பது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச். அது எங்கே தேவைப்படும், எந்தப் பின்னில் எந்த வயர் போக வேண்டும், மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் மைனஸ் 20-இல் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும் எல்லோருக்கும் இந்தச் சாதனம் வேண்டும். கடையில் கொடுத்தால் கூலி அதிகம். அதனால் கொஞ்சம் மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிலேயையும் மாட்டும் முன், "இந்த ரிலே செத்துப்போனால் என் கார் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். எந்தப் பின்னில் எதைக் கொடுப்பது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. சாவி போட்டால் கார் எப்போதும் போல ஸ்டார்ட் ஆக வேண்டும். ரிமோட் மட்டும் வேலை செய்யாமல் போகலாம். அதற்கு நேர்மாறாக ஆகும்படி ஒரு வயரிங்கும் இருக்கக் கூடாது.

எந்தக் காருக்கு இது பொருந்தும்

சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள, பெட்ரோல் கார்களுக்கு. பட்டன் ஸ்டார்ட் கார்களில் பெரும்பாலும் டேட்டா வயர் வழியாகப் பேசும் மாட்யூலும், அந்த மாடலுக்கென்றே செய்த ஹார்னஸும் (கனெக்டரோடு வரும் வயர் கட்டு) போதும். அங்கே இவ்வளவு ரிலே வேலை இல்லை. கைக் கியர் கார் என்றால் என் கருத்து ஒன்றே: வேண்டாம். கியரில் விட்டுவிட்டு இறங்கிய கார், ஆளில்லாமல் ஸ்டார்ட் ஆகி முன்னால் பாயும். அதற்கான கிட்டுகள் சந்தையில் உண்டு, இறங்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வரிசையைப் பின்பற்றச் சொல்வார்கள். ஆனால் வீட்டில் நாமே முதல் தடவையாகச் செய்யும் வேலை அது அல்ல.

படி 1: ரிலேயைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நாம் பயன்படுத்துவது கறுப்புச் சதுர டப்பா போல இருக்கும், ஐந்து பின் உள்ள சாதாரண 12 வோல்ட் ஆட்டோ ரிலே. மேலே 30/40 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பின்களுக்குப் பக்கத்திலேயே எண்கள் இருக்கும். இந்த எண்கள் ஜெர்மன் டின் (DIN) தரத்திலிருந்து வந்தவை.

85, 86 இரண்டும் காயிலின் (கரண்ட் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச் சுருள்) இரு முனைகள். 30 பொதுப் பின். காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது 30, 87ஏ-யோடு சேர்ந்திருக்கும். கரண்ட் கொடுத்தால் 'டக்' என்ற சத்தத்தோடு 87ஏ-யை விட்டுவிட்டு 87-ஐப் பிடிக்கும். 40 ஆம்பியர் என்பது 87 பக்கத்துக்கு. 87ஏ பக்கத்துக்கு 30 ஆம்பியர்தான்.

கடையில் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் ஐந்தாவது பின் எல்லா ரிலேயிலும் 87ஏ கிடையாது. சில ரிலேகளில் அதுவும் 87 என்றே அச்சாகியிருக்கும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி. சாக்கெட்டிலும் அப்படியே உட்காரும். ஆனால் உள்ளே அந்த நடுப் பின் மற்ற 87-ஓடு சேர்ந்தே வேலை செய்யும், ரிலே ஓய்வில் இருக்கும்போது எதோடும் ஒட்டாது. இதைக் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் கட் ரிலேயாக (எஞ்சின் ஓடும்போது ஸ்டார்ட்டரைத் தடுக்கும் ரிலே, படி 4-இல் வரும்) மாட்டினால் சாவியைத் திருப்பினாலும் கார் கிராங்க் ஆகாது, அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றாது.

ஆகவே ஒவ்வொரு ரிலேயையும் மாட்டும் முன் மீட்டரில் சோதியுங்கள். 85-க்கும் 86-க்கும் நடுவே 70 முதல் 100 ஓம் வரை காட்ட வேண்டும். 30–87ஏ பஸ்ஸர் அடிக்க வேண்டும், 30–87 அடிக்கக் கூடாது. பிறகு காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்து, இரண்டும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பதைவிட மேசை மேல் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

படி 2: காயில் கணக்கும் டையோடும்

ரிமோட் யூனிட்டில் (கையில் பிடிக்கும் ரிமோட் அல்ல, காருக்குள் மாட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி) இருந்து வரும் மெல்லிய வயர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் அவுட்புட். அதாவது, வேலை செய்யும் நேரத்தில் அந்த வயர் எர்த் ஆகும். ஒவ்வொன்றும் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். 200 மில்லி ஆம்பியர், 500 மில்லி ஆம்பியர் என்பவை அடிக்கடி பார்க்கும் எண்கள். ரிலேயின் காயில் 80 ஓம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட். கரண்ட் சுமார் 178 மில்லி ஆம்பியர். 200-க்குள் இருக்கிறது, சரி.

இப்போது குளிரைக் கணக்கில் சேருங்கள். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் வெப்பம் குறையக் குறையக் குறையும்: ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம். 20 டிகிரியில் 80 ஓம் காட்டிய காயில், இரவு முழுக்க மைனஸ் 30-இல் நின்ற காரில் சுமார் 64 ஓம்தான் இருக்கும். அதே 14.2 வோல்ட்டில் கரண்ட் 220 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். 200 தாங்கும் அவுட்புட் எல்லை தாண்டிவிட்டது. அதுவும், ரிமோட் ஸ்டார்ட் எதற்காக இருக்கிறதோ அந்தக் குளிரில்! எனவே 200 மில்லி ஆம்பியர் அவுட்புட்டில் ஓட்ட 100 ஓம் அல்லது அதற்கு மேல் காயில் உள்ள ரிலேயைத் தேடி வாங்குங்கள். ஒரே அவுட்புட்டில் இரண்டு ரிலேயைக் கட்டுவது 500 தாங்கும் வயரில் மட்டுமே.

அடுத்து டையோடு, ஒரே திசையில் மட்டும் கரண்டை விடும் சின்னப் பாகம். காயிலுக்குப் போகும் கரண்ட் திடீரென்று நிற்கும்போது, அதில் சேர்ந்திருந்த காந்தப் புலம் சரிந்து எதிர்த்திசையில் நூறு வோல்ட்டுக்கும் மேலான ஒரு துடிப்பை எழுப்பும். அது நேராக ரிமோட் யூனிட்டின் டிரான்சிஸ்டரில் போய் அடிக்கும். ஒரே நாளில் சாகாது, சில மாதங்களில் அந்த அவுட்புட் போய்விடும். 1என்4001 அல்லது 1என்4004 டையோடு ஒன்றைக் காயிலுக்குக் குறுக்கே போட்டால் துடிப்பு அதற்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். டையோடில் வெள்ளிக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம், அதாவது நம் வயரிங்கில் 86-க்கு. மறு முனை 85-க்கு. திருப்பிப் போட்டால் அது நேர் ஷார்ட். முதல் தடவை ரிமோட்டை அழுத்தும்போதே அவுட்புட் எரிந்துவிடும். சில ரிலேகளில் உள்ளேயே டையோடு இருக்கும். மூடியில் உள்ள படத்தில் டையோடு குறி தெரிந்தால் 86-க்குத்தான் பாசிட்டிவ் கொடுக்க வேண்டும்.

படி 3: காரின் வயர்களைக் கண்டுபிடித்தல்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான், பிடிக்கவும் வேண்டும். ஸ்டீயரிங் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் இக்னிஷன் ஸ்விட்சில் இருந்து இறங்கும் தடித்த வயர் கட்டு தெரியும். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடாதீர்கள். அது ஏர்பேக். பல்பு வைத்த டெஸ்டர் வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் கம்ப்யூட்டர் வயர்களைக் கெடுக்கலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் வைத்து, ஒவ்வொரு தடித்த வயரையும் சாவியின் எல்லா நிலையிலும் பாருங்கள். சாவி எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். ஆன் நிலையிலும் கிராங்க் செய்யும்போதும் விடாமல் 12 வோல்ட் காட்டுவது இக்னிஷன். ஆனில் காட்டி, கிராங்க் செய்யும் நேரத்தில் மட்டும் பூஜ்யத்துக்கு விழுவது அக்சஸரி. ஹீட்டர் ஃபேன் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கிராங்க் செய்யும்போது மட்டும் உயிர் வருவது ஸ்டார்ட்டர் வயர். ஒன்றுக்கு மேற்பட்ட இக்னிஷனோ அக்சஸரியோ இருந்தால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

90-களின் ஹோண்டா கார்கள் பலவற்றில் கறுப்பு-மஞ்சள் இக்னிஷன், கறுப்பு-வெள்ளை ஸ்டார்ட்டர், வெள்ளை பேட்டரி. இப்படி நிறப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. உதவும், ஆனால் மீட்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

பிரேக் வயரை, மிதியின் மேலே உள்ள ஸ்விட்சில் தேடுங்கள். சாவி இல்லாமலே, மிதித்தால் மட்டும் 12 வோல்ட் வரும் வயர் அது. எஞ்சின் வேகத்தைச் சொல்லும் டாக் வயரை இன்ஜெக்டர் அல்லது இக்னிஷன் காயில் பக்கம் எடுக்கலாம். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எண் ஏறினால் அதுதான்.

எல்லாம் குறித்து முடித்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பழைய ஹோண்டா போன்ற சில கார்களில் பேட்டரி கழன்றால் ரேடியோ கோட் கேட்கும். அதை முதலிலேயே தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: ஸ்டார்ட்டர் கட் ரிலே

ரிமோட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் சாவியை முழுக்கத் திருப்பிவிடுகிறீர்கள். ஓடும் எஞ்சினின் ஃப்ளைவீலில் ஸ்டார்ட்டர் பல் போய் உரசும் அந்தக் 'கர்ர்' சத்தம் காது கூச வைக்கும். பல்லுக்கும் கேடு. இதைத் தடுப்பதே இந்த ரிலேயின் வேலை. என்னைக் கேட்டால், எல்லா ரிலேயிலும் அதிகக் கவனம் வேண்டியது இதுதான், ஏனென்றால் இதற்காக மட்டும் காரின் சொந்த வயர் ஒன்றை வெட்டுகிறோம்.

இக்னிஷன் ஸ்விட்ச் பக்கத்தில் ஸ்டார்ட்டர் வயரை வெட்டுங்கள். சாவியில் இருந்து வரும் முனை 87ஏ-க்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போகும் முனை 30-க்கு. 87 காலி, அதன் வயரை டேப் சுற்றி மூடிவிடுங்கள். 86-ஐ இக்னிஷன் வயரில் சேருங்கள். 85-ஐ, ரிமோட் யூனிட்டில் "ஓடும்போது எர்த்" என்று குறிப்பிட்ட அவுட்புட்டில் சேருங்கள்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ரிலேயின் காயில் அறுந்தாலும், ரிமோட் யூனிட் செத்தாலும், 30-ம் 87ஏ-யும் சேர்ந்தே இருக்கும். சாவி போட்டால் கார் ஸ்டார்ட் ஆகும். 87ஏ-க்குப் பதில் 87-ஐப் பயன்படுத்தி இதே வேலையைச் செய்யவும் வழி உண்டு. ஆனால் அப்போது ஒரு சின்ன வயர் கழன்றாலும் நடுரோட்டில் நிற்போம், அதுவும் மைனஸ் 25-இல், பிள்ளைகளோடு.

இரண்டு இடங்களில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். முதலாவது, ரிமோட் யூனிட்டின் தடித்த ஸ்டார்ட்டர் அவுட்புட் எங்கே சேர வேண்டும் என்பது. அது 30 பக்கத்தில், அதாவது மோட்டார் பக்கத்தில் சேர வேண்டும். சாவி பக்கத்தில் சேர்த்தால் ரிமோட் கொடுக்கும் கிராங்க்கை நம் ரிலேயே தடுத்துவிடும். இரண்டாவது, 86-ஐ இக்னிஷனுக்குப் பதில் சாவி பக்க ஸ்டார்ட்டர் வயரில் சேர்ப்பது. அதுவும் வேலை செய்யும். ஆனால் சாவியைத் திருப்பிய பிறகுதான் காயிலுக்குக் கரண்ட் வரும், ரிலே விலகச் சில மில்லி செகண்ட் ஆகும், அதற்குள் ஸ்டார்ட்டருக்கு ஒரு தட்டு போய்விடும். இக்னிஷனில் சேர்த்தால் ரிலே முன்னாலேயே விலகித் தயாராக இருக்கும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கியர் பார்க் அல்லது நியூட்ரலில் இல்லாவிட்டால் கிராங்க் ஆகாமல் தடுக்கும் ஸ்விட்ச், சாவிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் நடுவே இருக்கிறது. நம் ஸ்டார்ட்டர் அவுட்புட் சாவிக்குப் பக்கத்திலேயே சேர்ந்தால் அந்த ஸ்விட்ச் நமக்கும் காவல் நிற்கும். ஹூடுக்கு அடியில் மோட்டார் அருகே சேர்த்தால் அந்தக் காவலைத் தாண்டிப் போகிறோம், கார் டிரைவில் இருந்தாலும் கிராங்க் ஆகும். அங்கே வயர் எளிதாகக் கைக்கு வருகிறது என்பதற்காக ஒருபோதும் அங்கே சேர்க்காதீர்கள்.

படி 5: இரண்டாவது இக்னிஷன், அக்சஸரி

யூனிட்டுக்கு உள்ளேயே முதல் இக்னிஷன், அக்சஸரி, ஸ்டார்ட்டர் இவற்றுக்கு ரிலே இருக்கும். உங்கள் காரில் இரண்டாவது இக்னிஷன் இருந்தால், யூனிட்டில் அதற்குத் தனித் தடித்த வயர் இல்லையென்றால், வெளியே ஒரு ரிலே போட வேண்டும். இரண்டு இக்னிஷனையும் ஒரே வயரில் முறுக்கிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. காரின் ஸ்விட்ச் அவற்றைத் தனித்தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சேர்த்துவிட்டால் ஒன்றின் கரண்ட் மற்றொன்றில் பாய்ந்து, சாவியை எடுத்த பிறகும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

30-ஐக் காரின் இரண்டாவது இக்னிஷன் வயரோடு சேருங்கள். இங்கே வயரை வெட்ட வேண்டாம், உரித்து ஒட்டினால் போதும். 87-க்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ். 86-க்கும் அதே ஃபியூஸ் போட்ட பாசிட்டிவ். 85-க்கு யூனிட்டின் இரண்டாவது இக்னிஷன் நெகட்டிவ் அவுட்புட். டையோடு மறக்காதீர்கள். 87ஏ காலி. ரிலே செத்தால் அந்த வயர் பழையபடி சாவியின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்.

86-க்கு ஏன் நேரடிப் பேட்டரி? அக்சஸரியில் இருந்து எடுத்தால் கிராங்க் செய்யும் நேரத்தில் அது விழும், ரிலேயும் விழும், இரண்டாவது இக்னிஷனும் போகும். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. நேரடிப் பேட்டரியில் இருப்பதால் கார் நிற்கும்போது கரண்ட் வீணாகுமோ என்ற பயம் வேண்டாம். 85 எர்த் ஆகாத வரை காயிலில் கரண்ட் ஓடாது.

இரண்டாவது அக்சஸரிக்கும் அப்படியே செய்து, 85-ஐ மட்டும் அக்சஸரி அவுட்புட்டில் சேர்த்தால் முடிந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது நிறைய கரண்ட் இழுக்கும், ஆகவே 87, 30 வயர்கள் 10 அல்லது 12 கேஜ் இருக்கட்டும். காயில் வயருக்கு 18 கேஜ் போதும் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியது). எல்லா ரிலேக்கும் ஒரே இடத்தில் பாசிட்டிவ் எடுக்காமல் இரண்டு இடங்களில் பிரித்து எடுங்கள். ஃபியூஸ், பாசிட்டிவ் எடுக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

பார்க்கிங் லைட்டுக்குப் பாசிட்டிவ் வேண்டும், யூனிட்டில் நெகட்டிவ்தான் வருகிறது என்றால் இதே வயரிங்தான், 30-ஐ லைட் வயரில் சேர்த்து 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

படி 6: இம்மொபிலைசர்

கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கார் படிக்காவிட்டால் எஞ்சின் ஒன்றிரண்டு வினாடி ஓடி நின்றுவிடும், அல்லது ஓடவே ஓடாது. ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும்போது அந்தச் சோதனையைக் கடக்க வைக்கும் பைபாஸ் மாட்யூல் இதற்கு வேண்டும். டேட்டா வழியாக வேலை செய்யும் மாட்யூல் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பழைய முறையில் ஒரு சாவியையே சின்னப் பெட்டிக்குள் வைத்து டாஷ்போர்டுக்குள் ஒளித்துவிடுவார்கள். பெட்டியைச் சுற்றி ஒரு காயில், சாவித் துளையைச் சுற்றி இன்னொரு வளையம், நடுவே ஒரு ரிலே. அந்த ரிலே ரிமோட்டில் ஓடும் நேரத்தில் மட்டும்தான் வளையத்தை இணைக்க வேண்டும், ஆகவே 30-ம் 87-ம். இங்கே 87ஏ-யைப் பயன்படுத்தினால், அல்லது ரிலே இல்லாமல் நேரடியாக இணைத்தால், சிப் இல்லாமல் வெறுமனே வெட்டிய சாவியாலும் உங்கள் காரைக் கொண்டுபோய்விடலாம். அதே ரிலே, அதே பின்கள். ஸ்டார்ட்டரில் 87ஏ காப்பாற்றியது, இங்கே அதுவே கதவைத் திறந்துவிடும்.

படி 7: இணைப்பும் சோதனையும்

சாலிடர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் அல்லது நல்ல துணி டேப் சுற்றுங்கள். வயரைக் கிள்ளிப் பிடிக்கும் டி-டாப் கிளிப்புகள் வேண்டாம். குளிரிலும் சூட்டிலும் வயர் சுருங்கி விரிய, இரண்டு குளிர்காலத்தில் தளர்ந்துவிடும். ரிலேக்களைச் சாக்கெட்டோடு வாங்கி, ஒன்றோடொன்று கொக்கி போட்டு, ஸ்டீயரிங் தண்டும் மிதிகளும் அசையும் இடத்தைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள். சாக்கெட் வாய் கீழ்நோக்கி இருந்தால் ஈரம் தங்காது. எர்த்துக்கு ஒரு பாடி போல்ட்டின் பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக் போட்டு இறுக்குங்கள்.

ஹூட் திறந்திருப்பதை யூனிட்டுக்குச் சொல்லும் ஹூட் ஸ்விட்சை "அலாரம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். யாரோ பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது ரிமோட் அழுத்தப்பட்டால், அந்தக் கையைக் காப்பது அந்த ஒரு ஸ்விட்ச்தான்.

பேட்டரியை மாட்டியதும் முதலில் ரிமோட்டைத் தொடாதீர்கள். சாவியில் ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியை எடுத்தால் எல்லாம் அணைகிறதா என்று பாருங்கள். பிறகு கையேட்டில் சொன்னபடி டாக் சிக்னலை யூனிட்டுக்குக் கற்றுக்கொடுங்கள். அது தெரியாவிட்டால் ஸ்டார்ட்டரை எப்போது விடுவது என்று யூனிட்டுக்குத் தெரியாது. இப்போது திறந்த வெளியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது சாவி போட்டு முழுக்கத் திருப்புங்கள், உரசல் சத்தம் வரக் கூடாது. பிரேக் மிதித்தால் சாவி இல்லாத எஞ்சின் உடனே நிற்க வேண்டும். ஹூட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகவே கூடாது. கடைசியாக, முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, டிரைவில் வைத்து, கால் பிரேக் மேல் தயாராக இருக்க, சாவியைக் கிராங்குக்குத் திருப்புங்கள். கிராங்க் ஆனால் உங்கள் காரில் நியூட்ரல் காவல் வேலை செய்யவில்லை. அதைச் சரி செய்யும் வரை ரிமோட் ஸ்டார்ட்டரைத் துண்டித்து வையுங்கள்.

ஃபேனை முழு வேகத்தில் வைத்து, 30-க்கும் 87-க்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் சாக்கெட் பின் தளர்வு அல்லது மட்டமான ரிலே. கொஞ்ச நாளில் அந்தப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகத் தொடங்கும்.

சரியாக வராவிட்டால்

ரிலே 'டடடட' என்று துடித்தால் பேட்டரி வோல்ட் குறைவு அல்லது எர்த் சரியில்லை. எஞ்சின் பிடித்து இரண்டு வினாடியில் நின்றால் இம்மொபிலைசரைப் பாருங்கள். அது சரி என்றால் விட்டுப்போன இரண்டாவது இக்னிஷனைத் தேடுங்கள். எஞ்சின் ஓடுகிறது, ஹீட்டர் மட்டும் ஊதவில்லை என்றால் அக்சஸரி ஒன்று குறைகிறது. இறங்கும்போது ஃபேன் ஸ்விட்சை ஆனில் விட்டோமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியில் கிராங்க் ஆகவில்லை, ரிமோட்டில் ஆகிறது என்றால் நேராக ஸ்டார்ட்டர் கட் ரிலேக்குப் போய், அதன் நடுப் பின்னில் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள்.

வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கார் நிற்கும்போது ரிமோட்டை அழுத்தவே கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமோ நிறமோ கிடையாது, சுவரின் இடுக்கு வழியாகவே படுக்கையறைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட வீடு என்றால் யூனிட்டின் ஓடும் நேரத்தைக் கையேட்டில் உள்ள மிகக் குறைந்த அளவில் வைத்து, வீட்டில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அன்றே அழுத்திப் பார்த்துவிடுங்கள். ரிமோட் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தொங்கட்டும்.